ஆறு மணி நேரம் குளிர வேண்டிய இனிப்பு

என் அருமை மகள் சுண்டுவுக்கு அம்மா எழுதுவது.

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே தலைவலி காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் பல் துலக்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்கிறேன், மற்ற ஜெபமெல்லாம் அதற்குப் பிறகுதான். நேற்று கிறிஸ்மஸுக்குத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் நீ "சரிம்மா, விடும்மா, பஸ் வந்துருச்சு" என்று வைத்துவிடுகிறாய். உனக்கு மட்டும் எப்படித்தான் எந்நேரமும் பஸ் வருகிறதோ, உன் அண்ணன் பஸ் ஓட்டுகிறவன், அவன் கண்ணிலேயே அத்தனை பஸ் படுவதில்லை. கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் தூக்கிப் போட்டாலும் போட்ட இடத்திலேயே கிடக்கும், பிறகு எடுத்துப் படிக்கலாம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் நான், எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதுகிறேன், காலைக் காப்பிக்கு உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிழை இருந்தால் பிழையோடு படி. ஆனால் கடைசி வரை படி.

அப்பா எப்போதும் போல மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, யாராவது கொண்டுவருகிற பூட்டைத் திறந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார், அவருடைய முழங்காலைத்தான் திறக்கவும் முடியவில்லை மூடவும் முடியவில்லை. உன் அண்ணனுக்கு இந்த மாதம் காலை ஷிப்டு, மத்தியானம் வந்து மூன்று மணி நேரம் குறட்டை விடுகிறான். அவன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அத்தைக்குக் காட்ட வேண்டுமாம், தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அதில் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. போன மாதம் நம் தெருமுனைக் கண்ணாடிக்கடைக்குப் போனேன். கண்ணைப் பரிசோதித்துவிட்டு அந்தக் கடைக்காரர் "போன வருஷம் போட்ட பவர் அப்படியேதாம்மா இருக்கு, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். என் மகள் தூரத்தில் இந்த லென்ஸ் தேய்க்கிற வேலைதான் செய்கிறாள், அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்றேன். மனுஷன் நல்லவர், உள்ளே கூட்டிப்போய் ஒரு ஸ்டூல் போட்டார். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் சுற்றுகிறது, கண்ணாடித் துண்டு அதில் பட்டு முனகுகிறது, ஓரத்தில் வெள்ளையாகச் சேறு மாதிரி வழிகிறது. முக்கால் மணி நேரம் பார்த்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் பிள்ளை இந்தச் சத்தத்துக்கு முன்னாலா நிற்கிறாள் என்று இருந்தது. அதற்கப்புறம் காலையில் அடுப்படிக்குள் போனால், இப்போது அவள் அந்தத் தண்ணீரில் கை வைத்திருப்பாளா, விரல் நுனி ஊறிப் போயிருக்குமா என்றுதான் முதல் நினைப்பு. வாரம் ஒருமுறை அந்தக் கடைக்குப் போய் நிற்கிறேன். கண்ணாடி துடைக்கக் கொண்டுபோகிறேன் என்று உன் அண்ணி நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணி காய் நறுக்கிக்கொண்டே உன்னோடு பேசினாள், கை ஈரம் என்று போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது. அவள் "இந்த வருஷமாவது கிறிஸ்மஸுக்கு வாயேன், பிள்ளை ஏங்குது" என்றாள். நீ "லீவு கேட்டா கிடைக்கும் அண்ணி, நான்தான் கேக்கல. அந்த ஹாலுக்குள்ள மறுபடி வரணும்னு நினைச்சாலே கால் எழமாட்டேங்குது" என்றாய். அவள் "ஏழு வருஷமாச்சு, ஒரு இனிப்புக்காகவா?" என்று கேட்டாள். நீ "இனிப்புக்காக இல்லண்ணி, அம்மாவும் சேந்து சிரிச்சாங்க" என்றாய். நான் மடித்து வைத்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தேன். ஏழு வருஷமாக ஜூனில் பத்து நாள் வருகிறாய், சமையலறை வாசலில் நின்று "தண்ணி கிடைக்குமா" என்று கேட்கிறாய். நீ பிறந்து வளர்ந்த வீட்டில் தண்ணீர்ப் பானை எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? உள்ளே வந்து மொண்டு குடிப்பதில்லை. அதை நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா? என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். பல் டாக்டர் வீட்டம்மா இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் வாங்கிப்போன என் எவர்சில்வர் தூக்கை நசுக்கிக் கொண்டுவந்து "அது முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு" என்று சொன்னாளே, நேற்றும் நம் கட்டடத்துப் பொது ஹாலில் அவள் வாழ்த்து சொன்னபோது தூக்கை நினைத்துக்கொண்டுதான் பதில் வாழ்த்து சொன்னேன்.

அந்தக் கிறிஸ்மஸும் அப்படியே இருக்கிறது எனக்குள். நீ பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாய், இரண்டாவது பொத்தான் இல்லை. ஹாலில் எல்லா வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து நீள மேஜையில் வைத்திருந்தார்கள். நீ முதல் தடவையாக நீயே செய்ததைக் கொண்டுவந்தாய், அடுப்பில் ஏற்றாத இனிப்பு, பிஸ்கட்டை அடுக்கி கிரீமை அடுக்கிப் பெரிய கண்ணாடித் தட்டில். கரண்டி போட்டதும் அது அப்படியே சரிந்து குழம்பு மாதிரி ஓடியது, மேஜை விரிப்பில் சொட்டியது. உன் பெரிய அத்தை, என் நாத்தனார், அவளுக்குத்தான் வாய் நிற்காதே, "ஏன்டி, இதைச் சாப்பிடணுமா குடிக்கணுமா?" என்றாள். ஹாலே சிரித்தது. நான் "ஸ்பூன் எதுக்கு, எல்லாருக்கும் ஸ்ட்ரா குடுங்க" என்றேன். நீ என்னைத்தான் பார்த்தாய், அவளைப் பார்க்கவில்லை. பிறகு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாய், துடைத்த இடத்தையே துடைத்தாய். ஜனவரியில் வேலைக்குப் போய்விட்டாய். அன்றிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் நான் சொல்லிவந்த கதை என்ன தெரியுமா, அவள் அத்தையின் நாக்குதான் என் பிள்ளையை ஊரை விட்டு ஓட்டியது என்று. அதற்காக நாத்தனாரோடு ஏழு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை, கல்யாண வீட்டில்கூட அவள் உட்கார்ந்த வரிசையில் நான் உட்கார்ந்ததில்லை.

அந்தப் போன் பேச்சைக் கேட்டபின் எனக்கு என்ன தோன்றியதோ, இந்த வருஷம் அந்த இனிப்பை நான் செய்வேன் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். பிள்ளை கேட்டாள் என்று நீ அவளுக்கு அனுப்பிய குறிப்பை அவள் பஸ் நேர அட்டவணைக்குப் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். பிஸ்கட்டைப் பால் விட்ட காப்பியில் ஒரு முக்கு முக்கி அடுக்க வேண்டுமாம், கிரீமை அடித்து டின் பாலோடு கலந்து மேலே பூச வேண்டுமாம், அதற்கு மேல் கோகோ பவுடர், இப்படி மூன்று அடுக்கு, ஆறு மணி நேரம் பிரிட்ஜில். இது ஒரு வேலையா, பத்து நிமிஷம் என்று உட்கார்ந்தேன். முதல் தடவை, காப்பி நன்றாக இறங்கட்டும் என்று பிஸ்கட்டை ஊறவிட்டேன், தூக்கினால் கையோடு பாதிதான் வந்தது. இரண்டாம் தடவை கிரீமை அடித்தேன். தயிர் கடைந்தே பழகிய கை, நிறுத்தத் தெரியவில்லை, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று அடித்ததில் வெண்ணெய் தனியாகவும் தண்ணீர் தனியாகவும் வந்துவிட்டது. உன் அண்ணி எட்டிப் பார்த்து "அத்தே, அப்படியே உருக்கிட்டா நெய்யாவது மிஞ்சும்" என்றாள். அந்தப் பேச்சையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. அடுப்புச் சமையல் என்றால் பக்கத்தில் நின்று பார்க்கலாம், உப்பு குறைந்தால் போடலாம், தீயைக் கூட்டலாம் குறைக்கலாம். இதில் ஒன்றும் செய்யக் கூடாது. அடுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். எனக்கு அதுதான் என்றைக்கும் வராதது.

மூன்றாவது தடவை சரியாக வந்தது. நேற்றுக் காலை ஆராதனை முடிந்து வந்ததும் எட்டு மணிக்குத் தட்டை பிரிட்ஜில் வைத்தேன். வைப்பதற்கு முன் தண்ணீர்ப் பாட்டில், காய்கறி, மாவு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன், நடுத் தட்டு முழுக்க அதற்குத்தான். கல்யாணமாகி வந்த முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக நான் இந்தக் கிறிஸ்மஸுக்குக் கறி சமைக்கவில்லை. பிரிட்ஜுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உன் அண்ணன் ஷிப்டு முடிந்து வியர்வையோடு வந்து ஜில்லென்று தண்ணீர் வேண்டும் என்றான், கதவைத் திறந்தால் கையை ஒடிப்பேன் என்றேன். "பெத்த பிள்ளைக்குத் தண்ணி இல்லையா இந்த வீட்டுல?" என்றான். குழாயில் வருகிறது போய்க் குடி என்றேன். இரண்டு மணிக்கு எடுத்து, இரண்டு பேராகத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுபோனோம். கத்தியை விட்டு வெட்டினேன். சதுரமாக நின்றது மகளே. வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பழுப்பு என்று வரிவரியாக, தட்டில் வைத்தால் அசையாமல் நின்றது. பிள்ளைகள் இரண்டாவது துண்டுக்கு வரிசையில் வந்தார்கள். பல் டாக்டர் வீட்டம்மாவே எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் உன் அப்பா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, விரலை நக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், மெதுவாக எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்தத் தடவை பிரிட்ஜை விட்டு யாரும் எடுக்கல போலிருக்கு" என்றார்.

கத்தியைக் கீழே வைத்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் தெரிந்திருக்கிறது. இப்போது உனக்குச் சொல்கிறேன், வேறு யார் சொல்லியும் நீ தெரிந்துகொள்ளக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். அன்று காலை நீ பாட்டுக் குழுவோடு போன பிறகு நான் பிரிட்ஜைத் திறந்தேன். உன் தட்டின் மேல் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டியிருந்தாய், ரெண்டு மணி வரைக்கும் யாரும் வெளியே எடுக்காதீங்க என்று. முந்தின வாரம்தான் தூர ஊரில் வேலைக்கு எழுதிப் போட்டு அழைப்பு வந்திருந்தது, அதை நீ அப்பாவிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சொல்லி நான் தெரிந்துகொண்டேன். அந்தக் கோபம் எனக்கு. விடிய விடிய அடுப்பில் வெந்தவள் நான், பத்து நிமிஷத்தில் அடுக்கிவிட்டுப் போனவளுக்கு நடுத் தட்டா என்றும் ஒரு எரிச்சல். தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்திருந்தால் என் கறிப் பானைக்கு இடம் இருந்திருக்கும். எடுக்கவில்லை. உன் தட்டை எடுத்து அடுப்புக்குப் பக்கத்தில் மாவு டின் மேல் வைத்தேன், ஒன்றரை மணிக்குத் திரும்ப உள்ளே தள்ளினேன். சீட்டைக் கிழித்துக் குப்பைக் கூடையில் வெங்காயத் தோலுக்கு அடியில் போட்டேன். நீ வந்து சீட்டு எங்கே என்று கேட்டாய். "ஈரத்துல விழுந்திருக்கும், எனக்கு அதெல்லாம் படிக்கவா தெரியும்?" என்றேன். உன் எழுத்து எனக்குப் படிக்க வரும். நீ ஒண்ணாம் வகுப்பில் எழுதிய எழுத்திலிருந்து எனக்குப் படிக்க வரும். இவளுக்குத் தனியாக ஒன்றும் செய்ய வராது, அம்மா இல்லாமல் முடியாது என்று உனக்கே தெரிந்தால் நீ போகமாட்டாய் என்று நினைத்தேனோ என்னவோ. எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், சிரிக்காவிட்டால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்று. ஊரில் யார் என்ன செய்தார்கள் என்று தேதியோடு சொல்கிறவள், இந்த ஒன்றை மட்டும் எங்கே போட்டேன் என்று தெரியாத மாதிரி இருந்தேன்.

அப்பாவிடம் ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றேன். "நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றார், அவ்வளவுதான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, போகவும் முடியவில்லை. மேஜையைக் கரண்டியால் தட்டினேன், ஏதோ ஜெபம் பண்ணப் போகிறேன் என்று சிலர் கண்ணை மூடினார்கள். இந்த இனிப்பு என் மகளுடையது, அன்றைக்கு அது கெட்டது அவளால் இல்லை, என்னால், நான்தான் வெளியே எடுத்து வைத்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பாதியில் நிறுத்தவில்லை. உன் பெரிய அத்தை மெதுவாக எழுந்து வந்தாள். "அடிப்பாவி, என் வாய்தான் அந்தப் பொண்ணைத் துரத்திருச்சுன்னு ஏழு வருஷமா நான் மருகிட்டு இருக்கேன். கோயில்ல அவளை நினைச்சு அழுதிருக்கேன்டி. நீ என்னடான்னா என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போன!" என்றாள். நான் ஆமாம் என்றேன். அவள் தட்டை நீட்டி, "இன்னொரு துண்டு வை. உன் கூட நாளைக்குச் சண்டை போட்டுக்கறேன், இப்ப வாய்ல இனிப்பு இருக்கு" என்றாள். இன்று பத்து மணிக்கு வந்து சொன்னபடி போட்டுவிட்டுத்தான் போனாள், ஒரு மணி நேரம், உன் அண்ணி இரண்டு தடவை காப்பி கொடுத்தாள். நான் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. இனி அவள் சாகிற வரைக்கும் இதைச் சொல்லிக் காட்டுவாள். நானாக இருந்தால் காட்டுவேன்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். நான் யாருக்கும் கொடுத்துப் பழகாததை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் போன் செய்து சரிம்மா விடும்மா என்று சொல்லாதே, விடவும் வேண்டாம். ஆனால் கோபம் ஆறட்டும், அப்புறம் போகலாம் என்று மட்டும் இருந்துவிடாதே மகளே. நீ என் வயிற்றில் பிறந்தவள், உன் கோபம் ஆறாது, அது எனக்குத் தெரியாதா, அதற்குள் எனக்கு எண்பது ஆகிவிடும். கோபத்தோடயே வா. சமையலறைக்குள் வந்து நின்று என்னைத் திட்டு, பாத்திரத்தை உருட்டு, மூன்று நாள் என்னோடு பேசாமல் இரு. இங்கே இருந்துகொண்டு பேசாமல் இரு. அங்கே இருந்துகொண்டு நீ பேசுகிற பேச்சைவிட அது எனக்குப் போதும்.

கண்ணாடித் தூள் மூக்கில் போகாமல் முகத்துக்குத் துணி கட்டிக்கொள், கடைக்காரரே சொன்னார். வேலை முடிந்ததும் கைக்கு எண்ணெய் தடவு, ஈரத்தோடு கையுறை போடாதே. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, உன் பஸ் உனக்காக நிற்கும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, வரத்தை முக்கியமாக. அடுத்த வருஷத்து லீவுக்கு ஜனவரி பத்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் நீ சொன்னதும் அன்றைக்கு என் காதில் விழுந்தது.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள், உன் சீட்டைப் படித்தவள்,
அம்மா